குயில் பாடிய கார்

கரடி கம்பெனி கார்களில் பிரேக் பிடிப்பதில்லை என்று காடே பேசியது. வியாபாரம் படுத்துவிட்டது. கரடி பிரேக்கைச் சரிசெய்யவில்லை. குயிலைக் கூப்பிட்டு விளம்பரத்துக்குப் பாடச் சொன்னது. பாட்டு நன்றாக அமைய வேண்டுமே என்பதுதான் குயிலின் கவலையெல்லாம். உருகி உருகிப் பாடியது. கார்கள் மறுபடி விற்றுத் தீர்ந்தன.

ஒருநாள் மலை இறக்கத்தில் புதுக் கார் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. குயில் பதறிப்போய்க் கீழே இறங்கியது. உடைந்த காலைப் பிடித்தபடி முயல் உட்கார்ந்திருந்தது.

"கரடி வாங்கச் சொல்லியிருந்தா வாங்கியே இருக்க மாட்டேன் அக்கா. நீங்க பாடினீங்களேன்னுதான் வாங்கினேன்" என்றது முயல். "உங்க கார்ல பிரேக் நல்லாப் பிடிக்குதா?"

குயில் தன் இறக்கைகளை இறுக்கி மடக்கிக்கொண்டது.

"நான் பறந்துதான் போவேன், தம்பி."