பொய் சொல்லாத பெண்

பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள், ஸ்ரீவல்லியின் முகத்தில் திரையின் நீல ஒளி நடுங்குகிறது. சாட்டில் எல்லோரும் பொய்ப் பெயரில் வருவார்கள். வரதர் உற்சவ நாளில் பொய் கூடாதென்று இவள் மட்டும் தன் பெயரையும் தெருவையும் உட்கார்ந்திருக்கும் இந்த சென்டரையும் உள்ளபடியே சொல்லிவிட்டாள். இப்போது அந்த முகம் தெரியாதவன் எழுதுகிறான்: "சென்டர் வாசல்ல நிக்கிறேன். வரலேன்னா நீ எழுதினதெல்லாம் பிரிண்ட் எடுத்து உங்கப்பாகிட்ட குடுப்பேன்." வெளியே பெருமாள் புறப்பாட்டின் நாகஸ்வரம் நெருங்குகிறது. அவள் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். விசும்பல் கேட்டுப் பக்கத்துத் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த பெண், முன்பின் பழகாதவள், திரையைப் படித்துவிடுகிறாள். "ஏம்மா அழுதுக்கினு இருக்கே? உங்கப்பாகிட்ட நீயே மொதல்ல சொல்லிட்டா அவன் எதைக் காட்டுவான், அவன் மூஞ்சியையா? வா, உங்க வூட்டுக்கு நானும் கூட வரேன்." கதவைத் திறக்கிறார்கள். வாசல் நிறைய ஆண்கள், வீதியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்களில் அவன் எவன் என்று தெரியவில்லை. பிடித்த கையை விடாமல் இருவரும் படியிறங்குகிறார்கள்.