பிள்ளையாருக்கு வின்டர் டயர்

இரண்டு டயர்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் முழித்தார்.

இரண்டும் கறுப்பு. இரண்டும் வட்டம். இரண்டின் பக்கத்திலும் பனிமலைப் படம். இதில் எது வேண்டும் என்று கேட்டால் மனிதன் என்னத்தைச் சொல்வான்?

"நம்பரைப் பாருங்கோ அண்ணை," என்றான் கடைக்கார நிமலன். "எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு அதுதான் சொல்லும்."

குனிந்து பார்த்தார். நூற்றொன்பது.

நூற்றொன்பது கிலோவா? அவரே எண்பது கிலோ.

அது கிலோ இல்லையாம். குறியாம். நூற்றொன்பது என்றால் ஒரு டயர் ஆயிரத்து முப்பது கிலோ தாங்குமாம். மற்றதில் நூற்றிருபது என்று இருந்தது. அது ஆயிரத்து நானூறாம்.

கிலோவைக் கிலோ என்றே எழுதித் தொலைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

"பிக்கப் வண்டியில என்ன ஏத்தப் போறியள்?"

"பிள்ளையார்."

நிமலனின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. "கோயில் பிள்ளையாரோ? உங்கட வண்டியிலயோ வாறார்?"

அவர் தலையாட்டினார்.

கனடாவின் வடக்கே ஒரு சின்னப் பட்டணம். பத்திருபது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, பூட்டிக் கிடந்த தளபாடக் கடையைக் கோயிலாக்கியிருந்தார்கள். கருங்கல் பிள்ளையார் கப்பலேறி வந்து டொரோண்டோவில் ஒரு மரப்பெட்டிக்குள் காத்திருந்தார். தை மாதம் கும்பாபிஷேகம். பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் வைத்தார்கள்.

பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது. பனிப்புயல் இல்லை.

பிள்ளையார் எத்தனை கிலோ என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்றரை அடி என்றுதான் தெரியும். கிலோக் கணக்குக் கேட்டதற்குக் கோயில் தலைவர் எரிந்து விழுந்தார். சாமியைத் தராசில் ஏற்றுகிற கதை எந்த ஊரில் உண்டு?

நிமலன் முகட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டான்.

"கல்லு, தொந்தியும் துதிக்கையுமா முக்கால் தொன் எண்டு வையுங்கோ. அதோட பெட்டி. பெட்டியைப் பிடிக்கிறம் எண்டு பின்னால நாலு பேர் ஏறுவினம். சாமி தனியவோ வரப்போறார்? வண்டியின்ர பாரத்தோட இவ்வளவும் பின் ரெண்டு டயரிலதான் இறங்கும். நூற்றொன்பது காணாது. நூற்றிருபதைப் போடுங்கோ."

அப்பாடா. ஒருவாறு முடிந்தது.

சரி என்று வாயைத் திறந்தார்.

"ஆனா ஒண்டு. பாரம் இல்லாம ஓடேக்க இது இறுக்கம், மற்றதுதான் மெத்தெண்டிருக்கும். ஒவ்வொரு குழியும் ஆளின்ர முதுகில வந்துதான் அடிக்கும்."

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே பிக்கப் நின்றது. உள்ளே மனைவி தவமலர் இருந்தாள். முதுகுக்கு ஒரு தலையணை. இடுப்புக்கு இன்னொன்று.

முதுகில் கத்தி வைத்து ஏழு மாதம். கிழமையில் மூன்று தரம் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ரோட்டைப் பனி கிண்டிக் கிண்டிக் குழியாக்கி வைத்திருந்தது. இன்று வரும்போதும் ஒரு குழியில் வண்டி விழுந்து எழும்பியது. அவள் கண்ணை இறுக மூடினாள். பிறகு சிரித்தாள்.

"ஒண்டுமில்லை. நீங்கள் ஓடுங்கோ."

அந்த ஒண்டுமில்லையை அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாகத் தெரியும்.

மெத்தென்ற டயரைப் பார்த்தார். இறுக்கமான டயரைப் பார்த்தார்.

இரண்டு செட் வாங்க வழியில்லை. ஒரு நாளைக்கு இரவல் தா என்று கேட்க இது என்ன சட்டி பானையா? வாடகைக்கு வேறு லொறி பிடிக்கலாம்தான். ஆனால் நேர்த்திக்கடன் அப்படி இல்லையே.

அவள் கால் அசையாமல் கிடந்த நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர்தான் வாய்விட்டுச் சொன்னார். அப்பனே, இவளை எழுப்பி நடக்கவிடு. உன்னை என்ர வண்டியில, என்ர கையால கொண்டுவந்து இறக்குவன்.

அவள் நடந்தாள். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, குசினி மட்டும் நடந்துபோய் அவருக்குத் தேத்தண்ணி போட்டாள்.

பிள்ளையார் தன் பங்கைச் செய்துவிட்டார்.

மெத்தென்றதைப் போட்டு அவரை ஏற்றினால் டயர் வெடிக்கலாம். பனியில் வண்டி சறுக்கலாம். ஒரு விரல்நுனி உடைந்தாலும் சிலை பின்னம். பின்னமானதை வைத்துக் கும்பிட ஏலாது. இத்தனை குடும்பத்தின் உழைப்பும் போச்சு.

ஏற்றாமல் விட்டால் நேர்த்தி பிசகும். பிசகினால் எழுந்து நடந்தவள்...

அதற்கு மேல் நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

தெய்வத்துக்காகப் போட்டால் அவளுக்கு நோகும். அவளுக்காகப் போட்டால் தெய்வம் கோபிக்கும். கோபம் யார் தலையில் விடியும்? அதுவும் அவள் தலையில்தான். என்ன கோதாரியடா இது! பக்கத்திலிருந்த டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

நிமலன் பொறுத்துப் பார்த்தான். வெளியே இன்னும் இரண்டு வண்டிகள் காத்து நின்றன.

"என்ன அண்ணை, முடிவைச் சொல்லுங்கோவன்."

வெளியே அவள் தலையணையை மெல்ல இழுத்துச் சரிசெய்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மெத்தெண்டதைப் போடு தம்பி."

"அப்ப பிள்ளையார்?"

"அவருக்கு எலி இருக்கு," என்றார். "இவளுக்கு நான்தானே."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. குட்டிக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்தத் திசையைப் பார்த்துக் குட்டுவது என்று தெரியவில்லை.

டயர்களைப் பார்த்தே குட்டிக்கொண்டார்.