நாற்பத்தேழாவது ஆணி

"என் புருஷன் ஓடிட்டான்னு சொல்ற மனுஷன், உள்ள இருக்கிற அந்தத் தண்ணிக் குழிய எறைச்சுக் காட்டட்டும் சார். அப்புறம் நான் எழுந்து போறேன்."

கும்மிடிப்பூண்டி உருக்காலை கேட்டுக்கு எதிரே, புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் சாராள். இன்றோடு மூன்று நாள். திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போன அவள் புருஷன் மோசஸ் வீடு திரும்பவில்லை என்பது புகார். யூனியன்காரர்கள் கொடி பிடித்துக் கத்திய பிறகுதான் திருவள்ளூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வேங்கடேசனை அனுப்பினார்கள். காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நல்ல பேர்.

"இன்னாம்மா, மூணு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் காணோம்? அவன் எங்க இருக்கான்னு உனக்கே தெரியும் போல" என்று தூண்டில் போட்டார்.

"அழுதா குழி தொறக்குமா? சொல்லுங்க, அழறேன்."

கூட்டம் சிரித்தது. சாராளின் பக்கத்தில் கூழ்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"இது யாரு?"

"குப்பம்மா. எங்க ஆரம்பாக்கம்தான். தொணைக்கு வந்துகிறா."

"மோசஸ் ஒடம்புல ஏதாவது அடையாளம்?"

சாராள் ஒருதரம் குப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "அரணாக்கயித்துல செப்புத் தாயத்து" என்றாள்.

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

மானேஜர் ஜகந்நாதன் அவரை டைம் ஆபீசுக்கு அழைத்துப் போனார். சுவரில் பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் நம்பர் போட்ட பித்தளை டோக்கன்கள்.

"உள்ள வர்றவன் டோக்கனை மாட்டணும். வெளிய போறவன் எடுத்துக்கணும். நாற்பத்தேழு மோசஸோடது. பாருங்க, ஆணி காலி. திங்கட்கிழமை சாயந்தரமே காலி. பித்தளை பொய் சொல்லாது சார். ஆள் எவளையோ இழுத்துக்கிட்டு ஓடியிருக்கான்."

நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்து அதையே சாராளிடம் சொன்னார் வேங்கடேசன்.

சாராள் எழுந்து நின்றாள். "பலகையப் பாத்தீங்க. டோக்கன் எடுக்கிற அழகப் பாத்தீங்களா? ரெண்டு மணி சங்கு ஊதப் போவுது. நின்னு பாருங்க. ஆனா சீக்கிரம் பாருங்க. சாயந்தரத்துக்குள்ள அந்தக் குழியில சிமெண்ட்டு கொட்டி மூடப் போறாங்க. திங்கக்கெழம அது மேல பலக ஒடஞ்சி கெடந்துது. செவ்வாக்கெழம புதுப் பலக. இன்னிக்கி சிமெண்ட்டு. இன்னா அவசரம்னு கேளுங்க."

சங்கு ஊதியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கும்பலாக ஓடி வந்தார்கள். முன்னால் வந்த ஒருவன் பலகையில் கை வைத்து ஏழெட்டு டோக்கன்களை ஒரே வாரில் வாரினான். "டேய் பாக்கியநாதா, என்தும் எடுத்துக்கினியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கேட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே ஆளுக்கு ஒன்றாக வீசினான். டைம் கீப்பர் தலை நிமிரவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வேங்கடேசனின் முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளாகக் கம்பெனி நம்பிய சாட்சி ஒரு நிமிஷத்தில் செத்துப் போயிற்று.

"மோசஸ் டோக்கனை எவன் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். அவன் வெளிய வந்ததுக்கு சாட்சியே இல்லை. குழியில இருக்கிற தண்ணிய இறைங்க" என்றார்.

"ப்ரொடக்‌ஷன் நின்னுடும் சார்!"

"மூடப் போற குழிதானே சார்? இறைச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மானேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பம்பு இரண்டு மணி நேரம் ஓடியது. துருத் தண்ணீர் இறங்க இறங்க, வேலையாட்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் ஒரு கை தெரிந்தது. கயிறு கட்டித் தூக்கினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. நீலக் கட்டம் போட்ட லுங்கி. இடுப்பில் செப்புத் தாயத்து.

"நீ ஜெயிச்சுட்டேம்மா" என்று மெல்லச் சொன்ன வேங்கடேசன், சட்டென்று நின்றார். மோசஸ். கிறிஸ்தவன் இடுப்பில் தாயத்தா?

சாராள் உடலுக்குப் பக்கத்தில் போகவே இல்லை. குப்பம்மாளின் மடியிலிருந்த கூழ்ச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "போ குப்பம்மா. இப்ப அழு" என்றாள்.

குப்பம்மாள் ஓடிப் போய் அந்த உடல்மேல் விழுந்தாள்.

"இவ புருஷன் சார். பேரு போலய்யா" என்றாள் சாராள். "தினக்கூலி. அவனுக்கு ஆணியும் இல்ல, டோக்கனும் இல்ல, ரிஜிஸ்டர்ல பேரும் இல்ல. புருஷனக் காணோம்னு இவ ஸ்டேஷனுக்குப் போனா, அப்படி ஒரு ஆளே வேலைக்கு வரலன்னு வெரட்டிட்டாங்க. டோக்கன்காரன் காணாமப் போனாத்தானே நீங்க வருவீங்க?"

"பொய்ப் புகார் குடுத்ததுக்கு உன்னை உள்ள தள்ளலாம், தெரியுமா?"

"தள்ளுங்க. மொதல்ல அந்த நோட்டுல செத்தவன் பேர எழுதுங்க."

வேங்கடேசன் பேனாவைத் திறந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து மானேஜரிடம் நீட்டினான்.

"நாப்பத்தேழு, மோசஸ். மூணு நாள் ஆப்சென்ட்டு சார், சம்பளத்துல புடிச்சிக்குங்க."