விட்டாலும் விழாத இடம்

விண்வெளி நிலையத்தில் வெல்டராக இருந்துவிட்டு வந்த அமலனுக்கு, கையிலிருப்பதை அந்தரத்தில் விட்டுவிடும் பழக்கம் போகவில்லை. அங்கே எதுவும் விழாது. இங்கே வீட்டுக் கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் உடைந்துபோயின. அதனால் மூன்று வயது மகள் ஜெனியை அவன் இன்னும் தூக்கவே இல்லை.

மனைவி ரெஜினா இருவரையும் தரையெல்லாம் எகிறிக் குதிக்கும் ஸ்பிரிங் விரிப்பாக இருக்கும் வேளச்சேரி டிராம்போலின் பார்க்குக்கு இழுத்துப்போனாள்.

"சாக்ஸ மாட்டுங்க. இப்பத் தூக்குங்க அவளை."

"விட்டுட்டேன்னா?"

"விடுங்களேன். பந்து மாதிரி எகிறி வருவா."

பயந்துகொண்டே தூக்கினான். லேசாகக் குதித்தான். உடம்பு மிதந்த அந்த நொடியில் கை தானாக விரிந்தது. அலறிவிட்டான்.

விரிப்பில் பட்டு எகிறிய ஜெனி கலகலவென்று சிரித்தாள். "அப்பா, இன்னொரு வாட்டி போடு!"

வாரியெடுத்து இறுக்கிக்கொண்டான். கீழே போடச் சொல்லி அவள் எவ்வளவோ உதைத்துப் பார்த்தாள். கை விரியவே இல்லை.