கெண்டைக்கால் கவுன்

லீட்ஸ் நகரத்து மணப்பெண் உடைக்கடைகளில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: மாப்பிள்ளையைப் பற்றி எவரும் ஒரு குறையும் சொல்லலாகாது. தையல்காரி ஹெஸ்தர் பதினைந்து ஆண்டுகளாக அதைக் காத்துவந்தாள்.

கண்ணாடி முன் நின்ற ரோசலின்டுக்கு, ஐம்பதுகளின் பாணியில் கெண்டைக்காலோடு நின்றுவிட்ட அந்தக் கவுன் மிகவும் பிடித்திருந்தது. தாய் வினிஃப்ரெடுக்குத்தான் பிடிக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு மாதிரியாடி இருக்கு? டென்னிஸ் ஆடப் போறவ மாதிரி இருக்கு! தரையைக் கூட்டுற மாதிரி நீளமா எடு."

"எனக்கு இதுதாம்மா வேணும்!"

"நீங்களே சொல்லுங்கம்மா" என்று ஹெஸ்தரைத் துணைக்கழைத்தாள் வினிஃப்ரெட்.

"நீளம்னா சர்ச்சுல எடுப்பாத்தான் இருக்கும்" என்றாள் ஹெஸ்தர். ரோசலின்டின் முகம் வாடியது.

ஆர்டர் சீட்டை எடுத்த ஹெஸ்தர், "மாப்பிள்ளை பேரு?" என்று கேட்டாள்.

"டெரன்ஸ் பிளாக்ஷா. டான்ஸுல புலியாம். அன்னைக்கு என்னைத் தட்டாமாலை சுத்தப் போறாராம்!"

ஹெஸ்தரின் பேனா நின்றது. "குட்டையே எடுத்துக்கோ கண்ணு. இன்னும் ரெண்டு அங்குலம்கூடக் குறைக்கலாம்."

"என்னங்க இது, இப்படிப் பல்டி அடிக்கிறீங்க?" என்றாள் தாய்.

"அந்த ஆளுக்குத் தன் கால் எங்கே போகுதுன்னே தெரியாதும்மா. என் கல்யாணத்துல ஆடுறேன்னு வந்து, என் கவுனை மிதிச்சு இடுப்புவரைக்கும் கிழிச்சுட்டார்."

"ஐயையோ! விருந்துக்கு வந்திருந்தாரா?"

"இல்லைம்மா. மாப்பிள்ளையே அவர்தான்."