சவரியம்மாளின் டப்பா

டங்.

கொளஞ்சி திரும்பவில்லை. பார்க்காமலே தெரியும். முதுகுக்குப் பின்னால் சவரியம்மாள் இன்னொரு புளியங்கொட்டையை எடுத்துக் காலிப் பால்பவுடர் டப்பாவில் போட்டிருக்கிறாள்.

"சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாக்கா?"

"இல்லியே. சரியாத்தான் இருக்குது."

பிறகு எதற்கு அந்த டங்?

கடலூரில் கன்னியர் நடத்தும் மாணவியர் விடுதி. அதன் சமையற்கட்டில் சவரியம்மாள்தான் மூத்தவள். கொளஞ்சி கம்மாபுரத்திலிருந்து வந்து சேர்ந்து, வருகிற சனிக்கிழமையோடு மூன்று மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குத்தான் சிஸ்டர் சொல்வார். நிரந்தரமானால் மகள் வெண்மதி இங்கேயே தங்கிப் படிக்கலாம். இல்லையென்றால் அவள் படிப்பு ஏழாவதோடு சரி.

வந்த அன்றைக்கே கொளஞ்சி எதையும் மறைக்கவில்லை.

"வூட்டுக்காரரு கேப்பர் மலை ஜெயில்ல இருக்காருக்கா. லாரி டிரைவரு. குடிச்சிட்டு ஓட்டி, விருத்தாசலம் ரோட்டுல சைக்கிள்ல போன காலேஜ் பையன் மேல ஏத்திட்டாரு. பையன் பேரு எழிலன். கோர்ட்டுல படிச்சாங்க. அந்தப் பேருக்கு வெள்ளிக்கெழமயானா ஒரு வெளக்கு ஏத்தறேன். அவன பெத்தவ ஒரு வாய்தாவுக்கும் வரல. வந்திருந்தா கால்ல வுழுந்திருப்பேன்."

சவரியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள்தான் டப்பா வந்தது.

"செவ்வாக்கெழம ஜெயில்ல மனு போட்டு அவரப் பாக்கப் போவணும்க்கா. அர நாள் லீவு வேணும்."

"போய்ட்டு வா."

டங்.

"வெண்மதி கணக்குல நூத்துக்கு நூறுக்கா!"

"நல்லாப் படிக்கட்டும்."

டங்.

கொளஞ்சிக்குத் தாங்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாளிடம் கிசுகிசுத்தாள். "ஜெயில்காரன் பொண்டாட்டின்னு தெரிஞ்சதுலேர்ந்து என் தப்ப ஒண்ணொண்ணா எண்ணுதுக்கா அது. சனிக்கெழம சனிக்கெழம டப்பாவத் தூக்கிக்கிட்டு ஃபாதரப் பாக்கப் போவுதே, போட்டுக் குடுக்கத்தான?"

ஆரோக்கியம்மாள் நிமிரவே இல்லை. "ஒன் வேலயப் பாருடி. கத்திரிக்கா கறுத்துப் போவுது."

சனிக்கிழமை வந்தது. சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். கொளஞ்சி பையில் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

சிஸ்டர் ஒரு தாளை நீட்டினார். "இதுல கையெழுத்துப் போடு. ஒண்ணாந்தேதியிலிருந்து நிரந்தரம். வெண்மதியக் கூட்டிட்டு வந்துடு."

"சிஸ்டர்... சவரியக்கா ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்களே. 'இவள விட்டுடாதீங்க'ன்னு மூணு மாசமா அவங்கதான் என்னை நச்சரிக்கிறாங்க."

கொளஞ்சி சமையற்கட்டுக்குத் திரும்பினாள். சவரியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டப்பா.

"சிஸ்டர்கிட்ட நல்லபடியா சொல்லியிருக்க. அப்பறம் இன்னாத்துக்குக்கா என் தப்பயெல்லாம் எண்ணுன?"

"ஒன் தப்பா?" சவரியம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் என் தப்புடி. ஒன்னப் பாக்கறப்ப எனக்கு வர்ற கெட்ட நெனப்பு."

கொளஞ்சிக்கு விளங்கவில்லை.

"நெனப்பு வராம தடுக்க முடியாது கொளஞ்சி. வாசல்ல வந்து நிக்கும். உள்ள கூப்புட்டு பாய் போட்டு ஒக்கார வெச்சாத்தான் பாவம். அதான், வந்து நின்ன ஒடனே ஒரு கொட்டய எடுத்துப் போடுவேன். 'ஏசுவே, நீயே வாசல்ல நில்லு'ன்னுட்டு வேலயப் பாப்பேன். சனிக்கெழம ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொல்லிடுவேன். மொத வாரம் டப்பா நெறைஞ்சி போச்சு. இந்த வாரம் நாலுதான்."

"எம்மேல கெட்ட நெனப்பு வர அளவுக்கு நான் ஒனக்கு இன்னாக்கா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல."

சவரியம்மாள் மறுபடியும் அரிசியில் குனிந்தாள்.

அப்போது வாசலில் கூடை இறங்கும் சத்தம். மீன்கார லோகநாயகி. மகள் பிரசவத்துக்காகப் பாண்டிச்சேரி போனவள், நாலு மாதம் கழித்து இன்றைக்குத்தான் வருகிறாள்.

"எழிலன் அம்மா! ஏ எழிலன் அம்மா! சங்கரா கொண்டாந்திருக்கேன், வந்து பாரு!"

ஆரோக்கியம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஸ்ஸ்! அப்பிடிக் கூப்புடாதடி! மூணு மாசமா இங்க யாரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறதில்ல. அவளே ஒவ்வொருத்தர் கையயும் புடிச்சிக் கேட்டுக்கிட்டா. புதுசா வந்திருக்கற பொண்ணுக்குத் தெரிஞ்சா, மூஞ்சில முழிக்க முடியாம வேலய வுட்டுட்டுப் போயிடுமாம்."

மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அடுப்படி வரை கேட்டது.

கொளஞ்சி அந்த நாலு கொட்டைகளையே பார்த்தாள். முழங்கால் தானாக மடங்கியது. கை நீண்டது.

அது காலைத் தொடும் முன், எழிலன் அம்மா முறத்தை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"புள்ளைங்க சாப்பாட்டுக்கு வர்ற நேரமாச்சு. அந்தப் பக்கத்துக் கல்ல நீ பொறுக்கு."

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.