வேங்கைக்கட்டை செய்த ஆசீர்வாதம்

பெரிய பழக்கிண்ணம் ஆகப்போகிற வேங்கைக்கட்டை ஒன்று, கடைசல் இயந்திரத்தில் ஏறி ர்ர்ர்ரென்று சுழன்றது. அதற்குத் தலைகால் புரியவில்லை.

“அடேய் உளி! பட்டறையே என்னைப் பிரதட்சிணம் பண்ணுதுடா!”

“அண்ணே, சுத்துறது நீங்கதான்!” என்று உளி கீச்சுக்குரலில் கெஞ்சியது. “ஆடாம இருங்க. ஆடினா விளிம்பு தெறிக்கும். தெறிச்ச இடம் வரைக்கும் நான் சீவித் தள்ளணும்.”

“பக்தர்கள் வந்தா தலையாட்டி ஆசீர்வாதம் பண்ண வேண்டாமா? நல்லா இருங்க!”

டக்! விளிம்பு தெறித்தது. பழக்கிண்ணம் பாயசக்கிண்ணம் ஆனது.

“தீர்க்காயுசா இருங்க!”

டக்! பாயசக்கிண்ணம் குங்குமக்கிண்ணம் ஆனது.

“அண்ணே, இன்னொரு ஆசீர்வாதம் பண்ணினா தூள்தான் மிஞ்சும்!” என்று உளி அலறியது.

கட்டை தன்னைப் பார்த்துக்கொண்டது. சட்டென்று தலையாட்டுவதை நிறுத்தியது. அப்புறம் உப்புத்தாள் கிச்சுக்கிச்சு மூட்டியபோதுகூட அது அசையவில்லை.

எண்ணெய் பூசி, பளபளவென்று ஒரு வீட்டுப் பூஜையறையில் வைத்தார்கள். மறுநாள் காலை அந்த வீட்டு அம்மாள் கைகூப்பி, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தாள்.

கிண்ணம் பதறிப்போய்க் கத்தியது.

“ஐயையோ, அம்மா! சுத்துங்க, பரவாயில்லை. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க!”